போர் தண்ணீரில் இருக்கும் ஃபுளூரைடு கொதிக்க வைத்தாலும் ஏன் போவதில்லை? அணுக்கள் எதற்காகப் பிணைகின்றன?

பென்னாகரம் பக்கத்துக் கிராமம் ஒன்றில் பதினொன்றாம் வகுப்பு படிக்கும் தம்பி கேட்டது இது: "ஃபுளூரின் ஒரு வாயு, கண்ணாடியையே அரிக்கும் என்று படித்தேன். எங்கள் ஊர் போர் தண்ணீரில் ஃபுளூரைடு அதிகம், அதனால்தான் பல்லில் காவி படிகிறது என்கிறார்கள். வாயு என்றால் கொதிக்க வைத்ததும் போய்விட வேண்டுமே, ஏன் போவதில்லை? அப்புறம், எட்டு எலக்ட்ரான் வேண்டும் என்பதற்காக அணுக்கள் சேர்கின்றன என்று சொல்லித் தருகிறார்கள். எட்டு என்று அணுவுக்கு எப்படித் தெரியும்?"

இரண்டு கேள்வி போலத் தெரிகிறது, ஆனால் ஒன்றுதான். கடைசியில் கேட்டதற்குப் பதில் கிடைத்துவிட்டால் முதலில் கேட்டது தானாக விளங்கிவிடும். பிணைப்பு என்றாலே எல்லோரும் சோடியம் குளோரைடில்தான் ஆரம்பிப்பார்கள். தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் வேதியியல் நடத்துகிறவர்கள் ஃபுளூரினில் ஆரம்பிக்க வேண்டும் என்பது என் எண்ணம். நம் பாறையிலும் தண்ணீரிலும் பிள்ளைகளின் பல்லிலும் இருக்கிற தனிமம் அது. எனவே சமையல் உப்பை ஓரமாக வைத்துவிட்டு ஃபுளூரினையே எடுத்துக்கொள்கிறேன்.

முதலில் அந்த எட்டு. அணுவுக்கு விருப்பமும் கிடையாது, எண்ணத் தெரிவதும் கிடையாது. அதனிடம் இருப்பதெல்லாம் நடுவில் நேர் மின்சுமை கொண்ட அணுக்கரு, சுற்றிலும் எதிர் மின்சுமை கொண்ட எலக்ட்ரான்கள். எதிரெதிர் சுமைகள் இழுத்துக்கொள்ளும், ஒத்த சுமைகள் தள்ளிக்கொள்ளும். இரண்டு அணுக்கள் நெருங்கி வரும்போது இந்த இழுப்பும் தள்ளலும் எல்லாம் சேர்ந்து மொத்த ஆற்றல் குறைந்தால் அவை சேர்ந்தே இருக்கும். கூடினால் விலகிவிடும். மேட்டில் விட்ட தண்ணீர் பள்ளம் பார்த்து ஓடுவதைப் போல, பொருள்களும் ஆற்றல் குறைந்த இடத்தில் போய் நிற்கின்றன. பிணைப்பு என்பதன் அடிப்படை இவ்வளவே.

இதை எண்களில் பார்த்தால் நன்றாகப் புரியும். கால்சியமும் ஃபுளூரினும் சேர்ந்து கால்சியம் ஃபுளூரைடு ஆவதை எடுத்துக்கொள்வோம். எலக்ட்ரான்கள் கருவைச் சுற்றிக் கூடு கூடாக அமைந்திருக்கும்; உள்ளிருந்து வெளியே எண்ணினால் கால்சியத்தின் எலக்ட்ரான் அமைப்பு 2, 8, 8, 2. ஃபுளூரினுக்கு 2, 7. இனி வரும் எண்கள் எல்லாம் ஒரு மோலுக்கு (அணுக்களை எண்ண வேதியியலில் வைத்திருக்கும் ஒரு பெரிய எண்ணிக்கை) இத்தனை கிலோஜூல் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கால்சியம் உலோகத்தைத் தனித்தனி அணுக்களாகப் பிரிக்க 178 செலவு. அதன் வெளிக்கூட்டிலிருந்து முதல் எலக்ட்ரானைப் பிடுங்க 590. இரண்டாவதைப் பிடுங்க 1145. ஃபுளூரின் மூலக்கூறை இரண்டு அணுக்களாக உடைக்க 158. ஆக, இதுவரை 2071 செலவு. பிடுங்கிய எலக்ட்ரான்களை இரண்டு ஃபுளூரின் அணுக்களும் ஏற்கும்போது ஒவ்வொன்றும் 328 வீதம் 656 திரும்பக் கிடைக்கிறது. செலவில் இதைக் கழித்தாலும் இன்னும் 1415 கடன் நிற்கிறது.

இந்த இடத்தைக் கொஞ்சம் நிதானமாகப் பாருங்கள். எலக்ட்ரான் இடம் மாறி, எல்லோருக்கும் வெளிக்கூட்டில் எட்டு வந்துவிட்டது. அப்படியும் கணக்கு நஷ்டத்தில்தான் இருக்கிறது! "கால்சியம் எலக்ட்ரானைக் கொடுக்க விரும்புகிறது, ஃபுளூரின் வாங்க விரும்புகிறது, இரண்டும் நிறைவடைகின்றன" என்று வகுப்பில் சொல்லும் கதை இங்கேயே நின்றுவிடுகிறது. கால்சியம் எதையும் விரும்பிக் கொடுப்பதில்லை, பிடுங்கித்தான் எடுக்க வேண்டும்.

கடன் தீர்வது அடுத்த கட்டத்தில். எலக்ட்ரானை இழந்தோ பெற்றோ மின்சுமை கொண்டுவிட்ட அணுவை அயனி என்பார்கள். இரட்டை நேர் மின்சுமை கொண்ட கால்சியம் அயனியும் ஒற்றை எதிர் மின்சுமை கொண்ட ஃபுளூரைடு அயனிகளும் ஒன்றையொன்று இழுத்து, வரிசை வரிசையாகப் படிகமாக அடுக்கிக்கொள்ளும்போது சுமார் 2630 கிலோஜூல் வெளியாகிறது. இதைப் படிகக்கூட்டு ஆற்றல் என்பார்கள். 1415 கடன் போக 1200க்கும் மேல் மிச்சம். படிகத்தின் அந்தப் பலமான பிடிதான் கால்சியம் ஃபுளூரைடை 1400 டிகிரி செல்சியஸ் வரை உருகாமல் வைத்திருக்கிறது. அயனிப் பிணைப்பு என்பது எலக்ட்ரானைக் கைமாற்றும் அந்த ஒரு நிகழ்ச்சி இல்லை. அதற்குப் பிறகு ஒவ்வோர் அயனியையும் சுற்றியுள்ள எதிர்ச் சுமைகள் எல்லாம் சேர்ந்து பிடித்து வைக்கிற பிடி அது.

சரி, அப்படியானால் ஏன் இரண்டோடு நிற்க வேண்டும்? கால்சியத்திலிருந்து மூன்றாவது எலக்ட்ரானையும் எடுத்தால் மூன்று சுமை வருமே, இழுப்பு இன்னும் பலமாகுமே? மூன்றாவதன் விலை 4912. அது வெளிக்கூட்டு எலக்ட்ரான் இல்லை, உள்கூட்டைச் சேர்ந்தது. கருவுக்கு நெருக்கத்தில், கருவின் இழுப்பை அதிகம் உணர்கிற இடத்தில் இருக்கிறது. எந்தப் படிகமும் அந்த விலையைத் திருப்பித் தர முடியாது. ஃபுளூரின் பக்கமும் அப்படியே. அது ஓர் எலக்ட்ரானை ஏற்றதும் கூடு நிரம்பிவிடுகிறது. இன்னொன்று வந்தால் வெகு தூரத்தில் உள்ள அடுத்த கூட்டில்தான் உட்கார வேண்டும், அங்கே கருவின் இழுப்பு எட்டாது, ஏற்கெனவே உள்ள எதிர்ச் சுமையும் வெளியே தள்ளும். ஆகவே எட்டு என்பது இந்த வரவு செலவின் முடிவில் வந்து நிற்கிற எண். அதுவே காரணம் என்று எடுத்துக்கொண்டால்தான் குழப்பம்.

எட்டு எலக்ட்ரான் வேண்டும் என்கிற எண்ம விதியை நான் குறை சொல்லவில்லை. 1916இல் அமெரிக்காவில் லூயிஸ், ஜெர்மனியில் கோசல் இருவரும் தனித்தனியே மந்த வாயுக்களின் (நியான், ஆர்கான் போல எதனோடும் எளிதில் சேராதவை) எலக்ட்ரான் அமைப்பைக் கவனித்து அந்த எண்ணுக்கு வந்தார்கள். கார்பன், நைட்ரஜன், ஆக்சிஜன், ஃபுளூரின் இந்த வட்டாரத்தில் அது அருமையாக வேலை செய்யும், பரீட்சைக்கும் கைகொடுக்கும். ஆனால் அதை உடைத்ததும் ஃபுளூரின்தான். 1962இல் கனடாவில் வேலை பார்த்த நீல் பார்ட்லெட், பிளாட்டினம் ஹெக்சா ஃபுளூரைடு என்ற பொருள் ஆக்சிஜன் மூலக்கூறிலிருந்தே எலக்ட்ரானைப் பறிப்பதைக் கண்டார். ஆக்சிஜன் மூலக்கூறிலிருந்து எலக்ட்ரானைப் பறிக்கவும், எட்டு நிரம்பிய செனான் அணுவிலிருந்து பறிக்கவும் கிட்டத்தட்ட ஒரே ஆற்றல்தான் வேண்டும். அப்படியென்றால் செனானும் வினைபுரிய வேண்டுமே என்று யோசித்து செனானையும் பிளாட்டினம் ஹெக்சா ஃபுளூரைடையும் கலந்தார், உடனே மஞ்சள் கலந்த ஆரஞ்சு நிறத் திண்மம் ஒன்று வந்தது. மந்த வாயு சேராது என்ற நம்பிக்கை அன்றோடு போயிற்று. அவர் எட்டை எண்ணவில்லை, ஆற்றல் கணக்கைப் பார்த்தார். பிணைப்பைப் படிக்கிற ஒவ்வொருவரும் பழக வேண்டிய வழி அதுதான் என்று நான் நினைக்கிறேன்.

இனி சகப்பிணைப்பு. இரண்டு அணுக்களும் எலக்ட்ரானை ஒரே அளவில் இழுக்கிறவை என்றால் பிடுங்கிக்கொள்ள வழியில்லை. அப்போது ஓர் எலக்ட்ரான் இணை இரண்டு கருக்களுக்கும் இடையில் அதிகம் உலவுகிறது. எதிர்ச் சுமை நடுவில் இருப்பதால் இரண்டு கருக்களும் அதை நோக்கி இழுக்கப்படுகின்றன. இதை ஹைட்ரஜன் மூலக்கூறுக்குக் குவாண்டம் இயற்பியல் வழியே முதன்முதலில் கணக்கிட்டுக் காட்டியவர்கள் ஹைட்லரும் லண்டனும், ஆண்டு 1927. ஹைட்ரஜனின் இரண்டு கருக்களும் 74 பிக்கோமீட்டர் தூரத்தில் நிற்கும்போது ஆற்றல் மிகக் குறைவு. அதற்கு மேல் நெருக்கினால் கருக்கள் தள்ளிக்கொள்ளும், விலக்கினால் பிடி தளரும். அதைப் பிரிக்க மோலுக்கு 436 கிலோஜூல் வேண்டும்.

ஃபுளூரின் மூலக்கூறும் சகப்பிணைப்புதான். ஆனால் மேலே சொன்னபடி 158 கிலோஜூலில் உடைந்துவிடும், மிகவும் பலவீனமான பிணைப்பு. அணு சின்னது, ஒவ்வொன்றிலும் பிணைப்பில் சேராத மூன்று எலக்ட்ரான் இணைகள் இருக்கின்றன, அவை எதிரே உள்ள அணுவின் இணைகளைத் தள்ளுகின்றன. தன் இனத்தோடு இப்படிப் பலவீனமாகச் சேரும் ஃபுளூரின், மற்ற அணுக்களோடு மிகப் பலமாகச் சேரும். ஹைட்ரஜனோடு சுமார் 565. சிலிக்கானோடும் ஏறக்குறைய அதே அளவு. இந்த இரண்டும் சேர்ந்ததுதான் ஃபுளூரினின் மூர்க்கம்: உடைக்கச் செலவு குறைவு, சேர்ந்தால் வரவு அதிகம்.

கண்ணாடி அரிப்பது இதனால்தான். கண்ணாடியும், கிருஷ்ணகிரி, பர்கூர் பக்கம் அறுத்து மெருகேற்றி அனுப்புகிற கிரானைட்டும் அடிப்படையில் சிலிக்கான், ஆக்சிஜன் பிணைப்பு வலைதான். ஒரு சிலிக்கானைச் சுற்றி நான்கு ஆக்சிஜன், அந்த ஆக்சிஜன் பக்கத்துச் சிலிக்கானோடும் சேர்ந்து எல்லாத் திசையிலும் தொடர்ந்து போகும். அதை அறுக்க வைரம் பதித்த ரம்பம் தேவைப்படுவது சும்மா இல்லை, அந்தப் பிணைப்பு ஒவ்வொன்றும் 450 கிலோஜூலுக்கு மேல். ஆனால் சிலிக்கான் ஃபுளூரின் பிணைப்பு அதைவிடப் பலமானது. அதனால் ஹைட்ரோ ஃபுளூரிக் அமிலம் பட்டால் ஆக்சிஜனை விட்டுவிட்டு சிலிக்கான் ஃபுளூரினோடு போய்விடுகிறது.

இப்போது தம்பியின் முதல் கேள்விக்கு வருகிறேன். ஃபுளூரின் வேறு, ஃபுளூரைடு வேறு. பெயர் நெருக்கமாக இருந்தாலும் குணம் அடியோடு மாறிவிட்டது. ஃபுளூரினுக்கு வெளிக்கூட்டில் ஏழு எலக்ட்ரான், எதைக் கண்டாலும் பாயும். ஃபுளூரைடு அயனி ஏற்கெனவே ஓர் எலக்ட்ரானைப் பெற்றுவிட்டது. அதைத் திரும்பப் பிடுங்குவது வேதியியலிலேயே மிகக் கடினமான வேலைகளில் ஒன்று. ஃபுளூரினைத் தனியாகப் பிரிக்க எத்தனையோ பேர் முயன்று, சிலர் உயிரையும் விட்டபிறகு, 1886இல் பிரான்ஸில் முவாசான் மின்பகுப்பு மூலம்தான் அதைச் சாதித்தார். அப்படியிருக்க, அடுப்பில் வைத்த குண்டான் அந்த எலக்ட்ரானைப் பறித்து வாயுவாக்கி அனுப்பிவிடாது.

சரி, வாயுவாக வேண்டாம், அயனியாகவே ஆவியோடு போகலாமே என்று கேட்கலாம். அதற்கும் வழியில்லை. தண்ணீர் மூலக்கூறில் ஆக்சிஜன் எலக்ட்ரான்களைத் தன் பக்கம் அதிகம் இழுத்துக்கொள்வதால் ஹைட்ரஜன் முனைகள் சற்று நேர்ச் சுமையோடு இருக்கும். ஃபுளூரைடு எதிர்ச் சுமை. எனவே தண்ணீர் மூலக்கூறுகள் ஹைட்ரஜன் முனையை உள்ளே திருப்பி அதைச் சுற்றி நெருங்கி நிற்கின்றன. ஒரு மோல் ஃபுளூரைடை இந்த வளையத்திலிருந்து வெளியே இழுக்க 500 கிலோஜூல் அளவுக்கு வேண்டும். தண்ணீர் ஆவியாக மோலுக்கு 41 போதும். ஆகவே தண்ணீர் போகும், ஃபுளூரைடு தங்கும். நீண்ட நேரம் கொதிக்கவிட்டுத் தண்ணீர் வற்றினால் மிச்சத் தண்ணீரில் அதன் செறிவு கூடத்தான் செய்யும். குழாய்த் தண்ணீரில் வரும் குளோரின் வாடை மட்டும் திறந்து வைத்தாலே போகிறதே என்றால், அங்கே இருப்பதில் ஒரு பகுதி சுமையற்ற மூலக்கூறு, தண்ணீரிடம் அந்த அளவுக்குப் பிடி கிடையாது.

நம் தண்ணீருக்கு இது எப்படி வந்தது என்பதும் பிணைப்புக் கதைதான். நம் மாவட்டங்களின் அடியில் இருப்பவை பெரும்பாலும் கிரானைட், நைஸ், சார்னோக்கைட் போன்ற பழங்காலக் கடினப் பாறைகள். இவற்றில் பயோடைட் என்னும் கருநிற மைக்கா, ஹார்ன்பிளெண்ட், அப்படைட் போன்ற கனிமங்கள் உண்டு. இந்தக் கனிமங்களின் படிகத்தில் ஹைட்ராக்சைடு (ஓர் ஆக்சிஜனும் ஒரு ஹைட்ரஜனும் சேர்ந்த) அயனி உட்கார வேண்டிய இடங்கள் இருக்கின்றன. ஃபுளூரைடு அயனியின் சுமை ஹைட்ராக்சைடின் அதே ஒற்றை எதிர்ச் சுமை, பருமனும் கிட்டத்தட்ட அதேதான். எனவே ஒன்றின் இடத்தில் மற்றொன்று உட்கார்ந்துகொள்ளும். பாறை உருவான காலத்தில் அப்படி ஃபுளூரைடு உள்ளே போயிற்று. இப்போது பாறை வெடிப்புகளில் நெடுங்காலம் தேங்கி நிற்கிற, காரத்தன்மை கொண்ட நிலத்தடி நீர் அதே மாற்றத்தைத் திருப்பி நடத்துகிறது. ஹைட்ராக்சைடு உள்ளே போக, ஃபுளூரைடு வெளியே வருகிறது. மழை குறைந்து, போர் ஆழமாகப் போகப் போக, பாறையோடு நெடுநாள் உறவாடிய தண்ணீரைத்தான் நாம் உறிஞ்சுகிறோம்.

தண்ணீரில் கால்சியம் நிறைய இருந்தால் ஒரு பாதுகாப்பு உண்டு. முன்னே கணக்குப் போட்ட கால்சியம் ஃபுளூரைடு, லிட்டர் தண்ணீரில் ஏறக்குறைய 16 மில்லிகிராம்தான் கரையும். கால்சியம் அதிகமிருந்தால் ஃபுளூரைடு அதனோடு படிந்துவிடும், ஏறுவதற்கு ஓர் எல்லை உண்டு. சோடியமும் பைகார்பனேட்டும் மிகுந்து, கால்சியம் குறைந்த தண்ணீரில் அந்தத் தடை இல்லை. சோடியம் ஃபுளூரைடு லிட்டருக்கு சுமார் 40 கிராம் கரையும். ஒரு சுமையும் இரண்டு சுமையும் செய்கிற வித்தியாசம் இவ்வளவு. எனவே தண்ணீர் உப்புக் கரிக்கவில்லை, பருப்பு நன்றாக வேகிறது என்பதை வைத்து ஃபுளூரைடு இல்லை என்று முடிவு கட்டக்கூடாது. அதற்குச் சுவையும் நிறமும் கிடையாது.

பல்லுக்கு வருவோம். பல்லின் எனாமலும் எலும்பின் கடினப் பகுதியும் ஹைட்ராக்சி அப்படைட் என்னும் கால்சியம் பாஸ்பேட் கனிமம். பெயரிலேயே ஹைட்ராக்சைடு இருக்கிறது. பாறையில் நடந்த அதே இடமாற்றம் இங்கேயும் நடக்கும், ஃபுளூரைடு புகுந்து ஃபுளூர் அப்படைட் உண்டாகும். இது அமிலத்தில் சுலபமாகக் கரையாது. அதனால்தான் பற்பசையில் சிறிதளவு ஃபுளூரைடு சேர்க்கிறார்கள், அது பல்லின் மேற்பரப்பில் பட்டுவிட்டுத் துப்பப்படுகிறது. நாள்தோறும் குடிநீரில் அளவுக்கு மீறிப் போனால் கதை வேறு. பல் ஈறுக்குள் உருவாகிக்கொண்டிருக்கிற வயதில், அதாவது பிறந்ததிலிருந்து சுமார் எட்டு வயது வரை, அதிக ஃபுளூரைடு எனாமல் சரியாகக் கனிமமாவதைக் கெடுக்கிறது. முளைக்கும் பல்லில் வெள்ளைக் கோடும் திட்டும், பிறகு பழுப்புக் கறையும் வருவது அதனால். அது உள்ளிருந்தே வந்த குறை என்பதால் எவ்வளவு தேய்த்தாலும் போகாது. இந்தக் கறைக்காகப் பள்ளியில் சிரிக்கக் கூச்சப்படுகிற பிள்ளைகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். பல் விளக்காததால் வந்தது என்று அவர்களைத் திட்டுவது அநியாயம். பல வருடம் தொடர்ந்து குடித்தால் எலும்பிலும் மூட்டிலும் படிந்து விறைப்பும் வலியும் வரும். உலக சுகாதார நிறுவனம் சொல்லும் எல்லை லிட்டருக்கு 1.5 மில்லிகிராம். இந்தியத் தர நிர்ணயம் 1 மில்லிகிராமுக்குள் இருக்கச் சொல்கிறது, வேறு ஆதாரமே இல்லையென்றால் 1.5 வரை அனுமதிக்கிறது.

நீக்குகிற வழிகளும் பிணைப்பைப் பார்த்தே அமைந்தவை. நாக்பூரில் உள்ள தேசிய சுற்றுச்சூழல் பொறியியல் ஆய்வு நிறுவனம் (நீரி) உருவாக்கிய நல்கொண்டா முறையில் படிகாரமும் சுண்ணாம்பும் சேர்ப்பார்கள். அதில் உண்டாகும் அலுமினியம் ஹைட்ராக்சைடு ஃபுளூரைடைப் பிடித்துக்கொண்டு அடியில் படியும், ஏனென்றால் அலுமினியத்துக்கும் ஃபுளூரினுக்கும் பிடி பலம். கிளர்வூட்டிய அலுமினா வடிகட்டியும் அதே கொள்கை. எலும்புக் கரி வடிகட்டி இன்னும் நேரடியானது, பல்லில் உட்காரும் ஃபுளூரைடை அதே அப்படைட்டை முன்னால் வைத்துப் பிடிப்பது. ஆர்ஓ மட்டும் பிணைப்பை நம்புவதில்லை, சவ்வு வழியே தண்ணீரை அழுத்தி அயனிகளைப் பின்தங்க வைக்கிறது. இவை எல்லாவற்றையும்விட நல்லது பாறைக்குள் நெடுநாள் நிற்காத தண்ணீரைக் குடிப்பது. ஜப்பான் நாட்டுக் கடனுதவியோடு கட்டப்பட்டு 2013இல் தொடங்கிய ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் நம் இரண்டு மாவட்டங்களுக்கும் காவிரித் தண்ணீரைக் கொண்டுவருவது இதற்காகத்தான்.

தேர்வுக்காக இரண்டு விஷயம் சேர்த்துவிடுகிறேன். ஒரு சேர்மத்தில் ஒரே வகைப் பிணைப்புதான் இருக்கும் என்று எண்ண வேண்டாம். மாம்பழம் பழுக்க வைக்கச் சிலர் தடையை மீறிப் பயன்படுத்தும் கார்பைட் கல் கால்சியம் கார்பைடு. அதில் இரண்டு கார்பன்களுக்கு நடுவே சகப்பிணைப்பு, அதுவும் மூன்று எலக்ட்ரான் இணைகளைப் பகிரும் முப்பிணைப்பு. அந்தக் கார்பன் ஜோடிக்கும் கால்சியத்துக்கும் இடையே அயனிப் பிணைப்பு. ஈரம் பட்டால் அயனிப் பிடி விட்டு அந்த ஜோடி ஹைட்ரஜனோடு சேர்ந்து அசிட்டிலீன் வாயுவாகிறது, முப்பிணைப்பு அப்படியே இருக்கிறது. இரண்டாவது, உலோகப் பிணைப்பு: வெளி எலக்ட்ரான்கள் எந்த அணுவுக்கும் சொந்தமில்லாமல் உலோகம் முழுக்கப் பரவியிருப்பது. கிருஷ்ணகிரி மாவட்டம் மயிலாடும்பாறையில் கி.மு. 2172ஆம் ஆண்டைச் சேர்ந்த இரும்புப் பயன்பாடு கண்டறியப்பட்டிருக்கிறது. தாதுவில் ஆக்சிஜனோடு பிணைந்திருந்த இரும்பை, மரக்கரியின் கார்பன் அந்த ஆக்சிஜனை எடுத்துக்கொண்டு போக விட்டு, உலோகப் பிணைப்புக்குத் திருப்பிய வேலை அது.

வீட்டுத் தண்ணீரில் எவ்வளவு இருக்கிறது என்று தெரிந்துகொள்ள, குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்டப் பரிசோதனைக் கூடத்தில் மாதிரி கொடுத்துப் பார்க்கலாம். ஊராட்சிகளில் பயன்படுத்தும் கைச் சோதனைப் பெட்டிகளில் சிவப்புச் சாயம் ஒன்று இருக்கும். அது சிர்க்கோனியமும் அலிசரின் சாயமும் பிணைந்த சேர்மம். ஃபுளூரைடு வந்தால் சாயத்திடமிருந்து சிர்க்கோனியத்தைப் பறித்துக்கொள்ளும், சாயம் தனியாகி மஞ்சளாக மாறும். சிவப்பு எவ்வளவு வெளுத்து மஞ்சள் பக்கம் போகிறதோ அவ்வளவு ஃபுளூரைடு. அளவு 1.5ஐத் தாண்டினால் அந்தப் போர் தண்ணீரைக் குளிக்கவும் துவைக்கவும் தாராளமாக வைத்துக்கொள்ளுங்கள். குடிக்கவும், சோறு குழம்பு வைக்கவும், முக்கியமாக எட்டு வயதுக்குள் தம்பி தங்கை இருந்தால் அவர்களுக்குப் பால் கலக்கவும், ஒகேனக்கல் குழாய்த் தண்ணீரைப் பிடித்து வையுங்கள்.